புரோவாவைத் தேடி கோல சிலாங்கூருக்கு

திங்கட்கிழமை ஆங்கில வகுப்பில் ஆளுக்கொரு அரிய சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். நான் எடுத்தது புரோவா. ஒரு பக்கம் மிதவைக் கட்டை கட்டிய பாய்மரப் படகு அது. முன்னும் பின்னும் ஒரே வடிவம் என்பதால் படகைத் திருப்பவே வேண்டாம். பாயை மறுமுனைக்கு மாற்றினால் போதும். மலாய்ச் சொல்லான பெராஹுதான் ஆங்கிலத்தில் புரோவா ஆனது. அந்தப் பெராஹு நம் ‘படகு’ போன்ற ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதி சொன்னது.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுநாளே அவர் புக்கிட் பெருந்துங் தொழிற்சாலை வேனில் கூட வருகிறவர்களிடம், வெள்ளைக்காரனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்ததே நாம்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். சனிக்கிழமை ஓவர்டைமையும் விட்டுவிட்டு, புரோவாவைப் படம் எடுக்க என்னைக் கூட்டிப்போனார்.

புக்கிட் செந்தோசாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் காலை 7.10க்குக் கிளம்பினோம். வழியில் அசாம் ஜாவாவில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் பசியாறினோம். இருவருக்கும் 8 வெள்ளி 40 காசு. கோல சிலாங்கூர் ஆற்றங்கரையை அடைந்தபோது மணி 9.05, மீட்டரில் 61 கிலோமீட்டர்.

அங்கே மிதவைக் கட்டை வைத்த படகு ஒன்றுகூட இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த மலாய் மீனவரிடம் என் நோட்டில் இருந்த படத்தைக் காட்டினேன். இந்த ஆற்றில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையாம். பெராஹு என்றால் எல்லாப் படகும்தான், இதுவும்தான் என்று தன் நீலச் சம்பான் படகைத் தட்டினார். ஆங்கிலம்தான் பொதுப்பெயரை ஒரே வகைக்குச் சுருக்கியிருக்கிறது. நோட்டில் உடனே குறித்துக்கொண்டேன்.

30 வெள்ளிக்கு அவர் எங்களை ஆற்றுமுகம் வரை கூட்டிப்போனார். பாதி வழியில் அப்பா அவரிடமும் மலாயில், அது எங்கள் சொல் என்று ஆரம்பித்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அப்பா, ‘இருக்கலாம்’னுதான் போட்டிருக்கு. உறுதியா யாருக்கும் தெரியாது.”

“அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

“சொன்னேன்பா. நீங்கதான் அதுக்குள்ள சித்தப்பாவுக்குப் போன் போட்டுட்டீங்க.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “திங்கக்கிழம கிளாஸ்ல என்ன சொல்லப்போற?”

“இருக்கலாம்னுதான்.”

“சரி லா. வேன்ல மணியம் ஒரு வாரத்துக்கு என்னைக் கிண்டல் பண்ணுவான்.”

போகிறவர்கள் பதினொரு மணிக்குள் படகு ஏறப் பாருங்கள். நாங்கள் போன அன்று அதன்பின் தண்ணீர் வற்றி, படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. தொப்பியும் குடிநீரும் அவசியம். அகராதிப் படத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

திங்கள் விடியற்காலை வேன் கதவு திறந்ததும், அப்பா ஏறுவதற்கு முன்பே, “அன்னிக்கு நான் சொன்னது உறுதி இல்லப்பா” என்றார். உள்ளே ஒரே சிரிப்பு. வீட்டு ஜன்னலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. அன்று வகுப்பில் நாற்பது பேருக்கு முன்னால் “உறுதியாகத் தெரியாது” என்று சொல்ல எனக்குத் தயக்கமே வரவில்லை.