வெள்ளிக்கிழமையில் வந்த கிறிஸ்துமஸ்

மஞ்சள் பூசணியைக் கடுகும் வரமிளகாயும் கிள்ளிப் போட்டுத் தாளிக்கும்போது எழும் வாசனை, இனிப்பும் காரமும் கலந்து தொண்டையைக் கமறவைக்கும் அந்த வாசனை, எந்த வீட்டு அடுப்பிலிருந்து வந்தாலும் எனக்குப் பண்டிகை நினைவுதான் வரும்; கூடவே, தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகமும் வரும். என் அக்கா லூர்தம்மாளின் ஜெபப் புத்தகத்தில் பின்னட்டைக்கு முந்திய வெற்றுத் தாளில் அவள் பென்சிலால் எழுதிய ஒரு வரி இருக்கிறது. "1942 டிசம்பர் 25, வெள்ளி. அப்பா வீட்டில். பூசணிக்காய்." அவ்வளவுதான். பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்தேன். கிழமை சரியாகவே இருக்கிறது. அதற்கு முன் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்தது 1936ஆம் ஆண்டில் என்பதையும் குறித்துக்கொண்டேன். அந்த முந்தைய வெள்ளிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு.

நான் அப்போது சேலத்தில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். அப்பா அங்கே உபதேசியார். அதாவது, பங்குச் சாமியார் வர முடியாத நாட்களில் கோவிலைத் திறந்து செபம் சொல்லுவதும், பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் கற்பிப்பதும், யார் எந்த ஒழுங்கை மீறினார்கள் என்று கண்காணிப்பதும் அவர் வேலை. விடுமுறைக்கு என்னை அழைத்துப்போக அவரே வந்தார். பெட்ரோல் கிடைக்காத போர்க்காலம்; முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடிய "கரி பஸ்" மேடு வந்த இடங்களிலெல்லாம் நின்றுவிட, நாங்கள் இறங்கி நடந்து மறுபடி ஏறிக்கொண்டோம். இறங்கி நடந்த நேரத்திலெல்லாம் அப்பா எங்கள் வீட்டுச் சேவலைப் பற்றியே பேசினார். அக்காவுக்குக் கல்யாணமாகி வரும் முதல் பண்டிகை. மாப்பிள்ளை அம்மாபேட்டைக்காரர், சேலத்தில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுபவர். அவருக்காகச் செங்கழுத்துச் சேவல் ஒன்றை அம்மா ஆடிமாதத்திலிருந்து கம்பும் சோளமும் போட்டு வளர்த்திருந்தாள்.

சேவல் வெறும் விருந்துக்காக மட்டும் வளரவில்லை. அக்கா மாசமாக இருந்தாள். தலைப் பிரசவத்துக்கு மகளைத் தன்னிடம் அழைத்து வந்துவிட வேண்டும் என்பதே அம்மாவின் ஒரே எண்ணம். மாமியார் பிலோமினம்மாள் வாய்த்துடுக்கும் பிடிவாதமும் உள்ளவள், மருமகளை எளிதில் அனுப்பமாட்டாள் என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தாள். அவளும் மகனோடு விருந்துக்கு வருகிறாள். வயிறு நிறைந்து வெற்றிலை போட்டு உட்காரும் நேரத்தில் கேட்டுவிடலாம் என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோவிலில் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தபோது வண்டிக்கார மிக்கேல் உள்ளே வந்தார். அந்த வருடத் தவசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் எங்கோ விருந்தில் கறி தின்றுவிட்டார் என்று அப்பா அவரைக் கோவில் வாசலில் எல்லாரும் பார்க்க முழங்காலில் நிற்கவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை "சுத்தபோசனம்", கறி தொடக் கூடாது. அன்றைய கிறிஸ்தவர்களுக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

"உபதேசியாரே, நாளைக்கு வெள்ளியாச்சுங்களே," என்றார் மிக்கேல், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு. முகத்தில் பணிவு இருந்தது, குரலில் இல்லை. "உங்க ஊட்டுச் சேவலுக்கு என்னுங்க சட்டம்?"

சுற்றி நின்றவர்கள் சிரிக்காமல் சிரித்தார்கள். அப்பா கையிலிருந்த வைக்கோலைக் கீழே வைத்தார்.

"சட்டம் எல்லாச் சேவலுக்கும் ஒண்ணுதான் மிக்கேலு. நாளைக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் கறி தொடக் கூடாது."

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. ஊர் முழுவதையும் ஒரு சொல்லில் நிறுத்தியவர் என் அப்பா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்குப் பெருமையாக இல்லை.

"ஏனுங்க, ஆண்டவர் பொறந்த நாளுலயுமா சுத்தபோசனம்? முப்பத்தாறுலயும் வெள்ளிக்கிழமைதானுங்க வந்துச்சு. பழைய உபதேசியார் இருந்தாரு. கறி தின்னமே. எலும்பைக் கடிச்சு உங்களுக்குக் கடவாப் பல்லு ஒண்ணு உழுந்துச்சே, நெனப்பில்லையா?"

"பல்லு உழுந்தது சனிக்கிழமை."

"வெள்ளிக்கிழமைங்க. வாயில ரத்தத்தோட கோயிலுக்குப் போகமாட்டேன்னு உக்காந்துக்கிட்டீங்க."

"சனிக்கிழமைன்னு சொல்றேனில்ல?"

அம்மா எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, புழக்கடையில் படர்ந்திருந்த கொடியிலிருந்து ஒரு பூசணிக்காயை அறுத்துக்கொண்டு வந்தாள்.

நடுச்சாமப் பூசையைச் சேலத்தில் கண்டுவிட்டு விடிந்ததும் பஸ் பிடித்து, இராசிபுரத்திலிருந்து மிக்கேலின் வண்டியில் சம்பந்தி வீட்டார் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வாழையிலையில் பருப்பும் கத்தரிக்காயும் அப்பளமும் பூசணிக்காயும் பரிமாறினார்கள். பிலோமினம்மாள் இலையை ஒரு முறை, சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். சரியாக அந்த நேரத்தில் புழக்கடையில் கூடையால் கவிழ்த்து வைத்திருந்த சேவல் நீட்டி முழக்கிக் கூவியது.

"சேவல் நல்லாத்தான் கூவுது," என்றாள் பிலோமினம்மாள். "கொழம்புலதான் சத்தத்தையே காணோம்."

அப்பா விளக்கினார். வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம், ஊருக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டம் இருக்க முடியாது என்றெல்லாம்.

"சேலத்துல எல்லா ஊட்லயும் இன்னிக்குக் கறிதானுங்க. எங்க ஊட்லயே நேத்தே ஆட்டுக்கறிக்குச் சொல்லி வெச்சிருந்தோம். உங்களுக்காவத்தான் வேண்டாம்னுட்டு வந்தோம். சட்டம் என்ன, ராசிபுரம் தாண்டுனா மட்டும் புடிக்குமா?"

"சேலத்துல தப்புப் பண்ணுனா நாமளும் பண்ணணுமுங்களா?"

இந்த ஒரு வாக்கியத்தை அப்பா சொல்லியிருக்க வேண்டாம். மாப்பிள்ளை "பரவாயில்லீங்க மாமா, பருப்பு நல்லாருக்குது" என்று இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிலோமினம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வீட்டையே பாவம் செய்யும் வீடு என்று சொன்னதாக எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொண்டதில் பிழையும் இல்லை. எல்லாரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அக்கா மட்டும் தலையைத் தூக்கி, "அம்மா, பூசணிக்கா இன்னுங் கொஞ்சம் போடு" என்றாள். அம்மா போட்டாள். அதையும் தின்றுவிட்டு மறுபடி கேட்டாள். பூசணிக்காய் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"நாளைக்கு விடிஞ்சதும் சேவலை அடிச்சர்றமுங்க, இருந்துட்டுப் போலாமுங்க," என்று அம்மா கெஞ்சினாள். "நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்குதுங்க சம்பந்தி," என்று சொல்லிவிட்டுப் பிலோமினம்மாள் அன்று பொழுது சாய்வதற்குள் மகனையும் மருமகளையும் வண்டியில் ஏற்றிவிட்டாள். வெற்றிலைத் தட்டு தொடப்படாமல் இருந்தது. அம்மா கேட்க நினைத்ததைக் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் எங்கள் ஊருக்குப் பூசைக்கு வந்தார். பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது அப்பா, ஊரைக் கட்டுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிக்கொள்ளும் குரலில்தான், விஷயத்தைச் சொன்னார். சாமியார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கிறிஸ்துமஸ் எல்லாரும் கட்டாயம் பூசை காணவேண்டிய கடன் திருநாள் ஆயிற்றே. அன்றைக்குச் சுத்தபோசனம் கிடையாது, உபதேசியாரே. நானே வயிறாரச் சாப்பிட்டேன்" என்றார். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. நல்ல வேடிக்கை என்றுதான் நினைத்தார். கதவோரம் நின்றவர்கள் வழியாக அது ஊர் முழுவதும் போய்ச் சேர்ந்தது. பண்டிகை நாளில் காய்கறி தின்ற கோபத்தை எல்லாரும் சிரிப்பாகத் தீர்த்துக்கொண்டார்கள். அப்பா அன்று முழுவதும் கோவிலை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடக் கூப்பிடப் போனபோது, குடிலுக்கு முன்னால் அல்ல, வாசற்படிக்குப் பக்கத்தில், மிக்கேலை நிற்கவைத்த இடத்தில், முழங்காலில் இருந்தார். கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

புத்தாண்டு கழிந்து நான் விடுதிக்குத் திரும்பும் நாளில் அப்பா சேவலையும் எடுத்துக்கொண்டார். கால்களைக் கட்டிப் பனையோலைக் கூடையில் வைத்து, மேலே துணியால் மூடியிருந்தார். வண்டி கொண்டுவந்த மிக்கேல் கூடையைப் பார்த்தார். எதையாவது சொல்லிக் குத்துவார் என்று அப்பா நின்றார். "ஏறுங்க உபதேசியாரே. சேவலுக்குக் கூலி கேக்கமாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார். அவர் குத்தியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அம்மாபேட்டையில் தறிச் சத்தம் நிறைந்த அந்தச் சந்து வீட்டில் பிலோமினம்மாள் எங்களை உட்காரச் சொன்னாள், தண்ணீரும் கொடுத்தாள். அப்பா நின்றபடியே, "தப்பு என்மேலதானுங்க சம்பந்தி. சாமியாரே சொல்லிட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பிலோமினம்மாள் கூடைக்குள் கைவிட்டுச் சேவலைத் தூக்கிப் பார்த்தாள்.

"நல்ல கனந்தான்," என்றாள். பிறகு, அப்பா கேட்பதற்கு முன்பாகவே, "பிரசவம் இங்கயே பாத்துக்கறோமுங்க. உங்க ஊர்ல இவளுக்கு வெள்ளிக்கெழம வலி எடுத்தா, அதுக்கும் ஒரு சட்டம் சொல்லுவீங்க."

கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை. வர விடப்படவில்லையோ என்னவோ. மடத்து வாசல்வரை அப்பா என்னோடு நடந்தார். வாசலில், "அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன் சாமி?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லும் வயதில் இல்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

குழந்தை அம்மாபேட்டையிலேயே நலமாகப் பிறந்தது. அம்மா அதைக் கையில் வாங்கியது அது உட்காரப் பழகிய பிறகுதான். பிலோமினம்மாள் இருந்தவரை அக்கா பண்டிகைக்கு ஊருக்கு வரவில்லை. அப்பாவோ, அதன்பிறகு எந்தக் கிறிஸ்துமஸ் நாளிலும் கறி தொடவில்லை. ஞாயிறோ புதனோ, எந்தக் கிழமையானாலும், எல்லாருக்கும் கறி பரிமாறப்படும். அவருக்கு மட்டும் பூசணிக்காய். காரணம் கேட்ட பேரப்பிள்ளைகளிடம், "பல்லு சரியில்லை" என்பார். ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் ஊருக்குப் போவேன், அவருக்கு எதிரே உட்கார்ந்து கறி தின்பேன். ஒருமுறைகூட எனக்கும் பூசணிக்காய் போடச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்காவுக்கு மட்டும் அந்த எண்ணம் ஏன் உடனே தோன்றியது என்று இப்போது யோசிக்கிறேன்.

இன்று எங்கள் ஊருக்கு டவுன் பஸ் போகிறது. தகரக் கூரை போட்டிருந்த கோவில் இருந்த இடத்தில் காரைக் கட்டடம் நிற்கிறது. உபதேசியார் என்ற பதவியே அங்கே இல்லை. தவசுகாலம் தவிர மற்ற வெள்ளிகளில் யார் என்ன தின்றார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் எத்தனையோ தரம் வெள்ளிக்கிழமையில் வந்து போய்விட்டது. அந்த ஆண்டுகளில் மட்டும் நான் சந்தையில் ஒரு பூசணிக்கீற்று வாங்கிவருவேன்.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. அப்பா இறந்து வெகுகாலத்துக்குப் பின் ஒருநாள், அக்கா வேறெதையோ பேசிக்கொண்டிருந்தவள், அவர் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது தன்னிடம் சொன்னதாக ஒன்றைச் சொன்னாள். "அம்மா சொன்னது நெசம் சாமி. பல்லு உழுந்தது வெள்ளிக்கெழமதான். மிக்கேலு கேட்டப்பவே எனக்கு நெனப்பு வந்துருச்சு."

அப்படியானால், வெள்ளியில் வரும் கிறிஸ்துமஸுக்குக் கறி உண்டு என்பது தெரியாமல் அவர் சொல்லவில்லை. மருமகனுக்காகச் சட்டத்தை வளைத்தார் என்று ஊர் சொல்லிவிடும் என்று பயந்து, தெரிந்தே சொன்னார் என்றாகிறது. அல்லது, செய்த தவற்றையே நெடுங்காலம் சுமந்த மனிதர், சாகும்போது செய்யாத தவற்றையும் சேர்த்து ஏற்றுக்கொண்டாரோ என்னவோ. அப்போது பக்கத்தில் அக்காவைத் தவிர யாரும் இல்லை. அக்காவும் இப்போது இல்லை. 1936 பண்டிகையன்று எங்கள் வீட்டில் கறி சமைத்தார்களா என்பதற்கு, தேடிய இடங்களில், எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை. பல் விழுந்த கிழமை இன்னும் உறுதியாகவில்லை.