கால் ஊன்றாமல் ஏறிய ஏற்றம்

கண்டிப் பக்கம் வத்துகாமத்திலிருந்து பன்விலைக்கு ஏறும் மலைப்பாதையை நான் சைக்கிளில் கால் ஊன்றாமல் ஏறினேன். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பொய் என்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் காலம். என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சைக்கிள் அவருடையது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கைக்கு வரும். கொழுந்து பறிக்கிற பெண்கள் சேலைக்கு மேல் சாக்குப் படங்கு கட்டுவார்கள் அல்லவா, அதையே நானும் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். சேலை சங்கிலியில் மாட்டாது.

முதலில் ஒரு வளைவுக்கே நெஞ்சை அடைத்தது. அடிவாரத்தில் வேகம் காட்டினால் மேலே மூச்சு இருக்காது என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மெதுவாக மிதித்தேன். வாரத்துக்கு ஒரு வளைவு கூடியது. கால் பழகிய பிறகு சமதரையில் மாட்டுவண்டிகளை முந்தி முந்தி வேகமும் வந்தது.

ஏறி முடித்த அன்று என் கொழுந்தன் வீட்டுக்கு வந்திருந்தான். கண்டியில் கடை வைத்திருந்தவன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

“லொறி வாலப் பிடிச்சுக்கிட்டு வந்திருப்பீங்க மதினி. டவுன்ல பொடியனுங்க அப்படித்தான் ஏறுறானுங்க.”

“கண்ணால பாத்தீங்களா தம்பி?”

“அப்ப மாரியம்மன் கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க. நம்புறேன்.”

கோழி களவு போனால் செய்கிற சத்தியம் அது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். நான் எதைத் திருடினேன்?

என் வீட்டுக்காரரும், “ஒரு சத்தியந்தானே, பண்ணிட்டுப் போயேன் புள்ள” என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“கையைச் சுட மாட்டேன். கால் இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழமை உங்க சைக்கிளையும் கொண்டுக்கிட்டு வாங்க தம்பி” என்றேன்.

வந்தான். வத்துகாமத்தில் கையை ஆட்டிக்கொண்டு பறந்தான். நான் என் பாட்டில் மிதித்தேன். பாதி ஏற்றத்தில் சட்டை நனைந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவனைக் கண்டேன்.

“மதினி, நில்லுங்க! தண்ணி இருக்கா?”

“நின்னா கால் ஊனணுமே தம்பி!” என்றபடி பன்விலை வரை மிதித்து ஏறினேன்.

சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். “அண்ணன் சைக்கிள் நல்ல சைக்கிள், என்னோடது சரியில்ல” என்றான் கொழுந்தன். “ஆமா, இது சீமைச் சாமான்” என்றார் என் வீட்டுக்காரர். என் காலைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

“அப்ப அந்த சைக்கிளயே கொழம்பு ஊத்தச் சொல்லுங்க” என்று அகப்பையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.