மாமாவின் பஸ்ஸும் பெரிய கார்புரேட்டரும்

கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவே அப்போது பேர் பெற்ற பஸ்கள் இரண்டு. ஒன்று பச்சை பஸ். உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் அதைத் தானே ஓட்டினார். மற்றது என் மாமாவின் சிவப்பு பஸ். உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல், பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்களே, அதற்குச் சில வருடங்களுக்கு முந்தைய கதை இது. எனக்கு எட்டு வயதிருக்கும். உலகத்தில் மோட்டாரைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர் என் மாமா ஒருவர்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா என் அம்மாவுக்கு நேர் இளையவர். மதுரையில் ஒரு பட்டறையில் வேலை பழகிவிட்டு ஊருக்கு வந்தவர். கைநகங்களில் எப்போதும் கருப்பு மசகு இருக்கும். சட்டை மட்டும் வெள்ளையாக இருக்கும். அவருக்கு இருந்த ஒரே மனக்குறை பச்சை பஸ். அது எப்போதும் கொஞ்சம் முன்னால் போனது. முதலில் வருகிற பஸ்ஸில்தானே ஜனங்கள் ஏறுவார்கள்? மாமா போய்ச் சேரும்போது புளியமரத்தடியில் வெற்றிலை எச்சில் மட்டும் இருக்கும்.

ஒரு கோடை விடுமுறைக்கு நானும் அம்மாவும் கம்பத்தில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா மதுரைக்குப் போய் ஒரு சாக்குப் பையோடு வந்தார். உள்ளே ஒரு பெரிய லாரியிலிருந்து கழற்றிய கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது அதுதான் என்று சொல்லி, அதன் வாய்க்குள் என்னைக் கைவிடச் சொன்னார். என் முஷ்டி முழுவதும் உள்ளே போயிற்று. பழையதில் இரண்டு விரல்தான் போகும்.

"இனிமே பாரு ஆத்தா, ராவுத்தர் நம்ம புழுதியத்தான் திங்கணும்" என்று என் சடையைப் பிடித்து ஆட்டினார். நான் அதை அப்படியே நம்பினேன்.

விடுமுறை முடிந்து நாங்கள் அல்லிநகரத்துக்குத் திரும்பிய அன்றுதான் புதுக் கார்புரேட்டரின் முதல் ஓட்டம். உத்தமபாளையம் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் பஸ் பறந்தது. இரண்டு பக்கமும் நெல்வயல்கள் பச்சைக் கோடாக ஓடின. தூரத்தில் தெரிந்த பச்சை பஸ் பக்கத்தில் வந்தது, பின்னால் போயிற்று. நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ராவுத்தரைப் பார்த்துக் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றவர் அழ வேண்டாமா?

ஆனால் நிற்கிற இடத்தில்தான் வந்தது வினை. ஆள் ஏற்ற நிறுத்திவிட்டுக் கிளப்பினால் எஞ்சின் இருமும், அணையப் போகும், பிறகு திடீரென்று மாடு முட்டியதுபோல முன்னால் பாயும். கோழிக்கூடையோடு ஒருவர் என் மடியில் வந்து விழுந்தார். சின்னமனூர்ச் சந்தைக் கூட்டத்தில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டியிருந்தது. பஸ் குலுங்குவதும் நிற்பதுமாக இருந்தது. பெட்ரோல் நெடி தாங்கவில்லை. மாமா இறங்கி, எஞ்சினின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிச் சுழற்றிக் கிளப்பினார். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அம்மா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மறுபடி ஒரு பாய்ச்சல். உடனே எழுந்து, என் கையைப் பற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"அக்கா, எங்க போற? இந்தா, இப்பக் கெளம்பிரும்" என்று மாமா ஓடி வந்தார்.

"இல்லடா தம்பி. நான் அதுல வாரேன்" என்றாள். பின்னால் பச்சை பஸ் வந்துகொண்டிருந்தது.

"நான் மாமா பஸ்ஸுலதான் வருவேன்" என்று நான் கத்தினேன். அம்மா விடவில்லை.

ராவுத்தர் எங்களுக்காகவே நிறுத்தினார். "ஏறுங்கத்தா. மெதுவாப் போகலாம்" என்றவர், மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாதது மரியாதை என்பது அப்போது எனக்குத் தெரியாது. திமிர் என்று நினைத்தேன். சந்தையில் யாரோ சத்தமாகச் சொன்னார்: "அவுக அக்காவே எறங்கிட்டாகப்பா!" கூட்டம் சிரித்தது. சிவப்பு பஸ்ஸில் மிச்சமிருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். மாமா கைப்பிடியோடு நடுத்தெருவில் நின்றார்.

வீடு வந்தும் நான் அம்மாவோடு பேசவில்லை. கூடப்பிறந்த தம்பியைச் சந்தையில் வைத்துக் காட்டிக்கொடுத்தவள் கையால் சோறு வேண்டாம் என்று சொன்னேன். ராத்திரி பசித்ததும் சாப்பிட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் சிவப்பு பஸ் வந்து நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை. மாமா இளைத்திருந்தார். பெரிய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டாராம். பழையதை மாட்டினால், குமுளிக்குச் சவாரி போகும்போது மலை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குகிறதாம். ஆகவே திண்டுக்கல்லில் உடைத்துப் போட்டிருந்த ஒரு காரிலிருந்து இரண்டுக்கும் நடுத்தரமான ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தார்.

"தப்பு எம் மேலதான்க்கா. வாய் பெருசா இருந்தா காத்து மெதுவாப் போகுது. மெதுவாப் போற காத்து பெட்ரோலத் தூளாக்கி இழுக்க மாட்டேங்குது. வேகமா ஓடையில நல்லா இழுக்குற வண்டி, நின்னு கெளம்பையில செத்துப் போகுது. நம்ம எஞ்சினு எம்புட்டுக் காத்துக் குடிக்கும்னு பாக்காம, லாரியோடதக் கொண்டாந்து மாட்டிட்டேன்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீ ஒருக்கா ஏறிப் பாக்கிறியா?" என்று கேட்டார்.

அம்மா ஒரு செம்பில் தளும்பத் தளும்பத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் முதல் இருக்கையில் அமர்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா கிளப்பினார். ஆட்டுமந்தைக்கு நின்றார், கிளம்பினார். ஒரு கிழவருக்கு நின்றார், கிளம்பினார். கொஞ்சம் தண்ணீர் அம்மாவின் சேலையில் சிந்தியது. உடனே மாமா இறங்கி, பெட்ரோல் வருகிற துளை போட்ட சின்னப் பித்தளைத் திருகாணியைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். மறுபடி போனோம். வீரபாண்டி வரை வழிநெடுக நின்று நின்று கிளம்பினோம். செம்பின் விளிம்பில் தண்ணீர் நடுங்கியதே தவிரச் சிந்தவில்லை.

"இப்பச் சரிடா" என்றாள் அம்மா.

மாமாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். பச்சை பஸ்ஸை முந்திய அன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

"மாமா, இது ராவுத்தர் பஸ்ஸ முந்துமா?" என்று கேட்டேன்.

"முந்தாது ஆத்தா" என்றார், கொஞ்சம்கூட வருத்தமில்லாமல். எனக்குத்தான் அழுகை வந்தது. இவ்வளவு பெரிய மனிதர் இப்படித் தோற்றுப்போய்விட்டாரே என்று வழியெல்லாம் மூக்கைச் சிந்தினேன்.

அந்த வருடம் ஐப்பசியில் என் தம்பி பிறந்தான்.

சந்தையில் அத்தனை பேர் சிரித்தபோது, அம்மா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவள்மீது யாருக்கும் குறை இருந்திருக்காது. அந்தக் காலத்தில் கூட்டத்தின் நடுவே, அதுவும் தம்பியிடம், அதைச் சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது. மாமாவும் ஏன் இறங்கினாய் என்று கேட்கவேயில்லை. குறை தன் வண்டியில்தான் என்று எடுத்துக்கொண்டார். அவர் கூப்பிட்டதும் அம்மா மறுபடி அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாளே, அதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

வீரபாண்டிக்குப் போய்வந்த அந்த வெற்று பஸ்ஸில் நாங்கள் மூன்றே பேர் இருந்தோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.