ரோஜாத் தோட்டத்துக்குப் பின்னால் ஓர் ஆட்டோ

என் மனைவி நோராவிடம் யாராவது போட்டோ கொண்டுவந்து கொடுத்தால், இப்போதெல்லாம் அவள் முதலில் கேட்பது, "பின்னாடி இருக்கறது என்ன?" என்பதுதான். வந்தவர்கள் விழிப்பார்கள். பிறந்தநாள் குழந்தையின் படத்தை நீட்டினால் குழந்தையின் பெயரைக் கேட்காமல், அதற்குப் பின்னால் நிற்கும் ஃபிரிட்ஜைப் பற்றி விசாரிப்பவளை என்னவென்று நினைப்பார்கள்? முன்பு அவள் இப்படி இல்லை. முன்பெல்லாம் படத்தில் பின்னால் இருக்கும் எதுவுமே அவளுக்கு ஆகாது.

நாங்கள் காக்ஸ் டவுனில் இருக்கிறோம். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். நோரா அதே பள்ளியில் கைவேலை டீச்சராக இருந்தாள். கைவேலை பீரியடை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் வைத்தபோது அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாள் யாரோடும் பேசாமல் பாத்திரங்களோடு மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் பரண்மேல் கிடந்த ஸ்கேனரை இறக்கித் துடைத்து, தன் கல்யாண முக்காட்டின் லேஸை அதன்மேல் விரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்தையே ஃபைல் போட்டு மூடுகிறாளோ என்று பயந்துவிட்டேன்.

அவள் செய்தது வேறு. லேஸ், பழைய பட்டன்கள், எங்கள் தெருவில் உதிர்ந்த புங்க இலை, ரஸ்ஸல் மார்க்கெட் சாமந்தி என்று கையில் கிடைத்ததையெல்லாம் படமாக்கி, நிறம் மாற்றி, ஓரம் சீவி, கட்டுக்கட்டாக இணையத்தில் விற்க ஆரம்பித்தாள். வாழ்த்து அட்டை செய்பவர்களும் ஆல்பம் ஒட்டுபவர்களும் அவற்றை வாங்கி, வீட்டிலேயே அச்செடுத்து வெட்டி ஒட்டிக்கொள்வார்களாம். நியூசிலாந்தில் ஒரு பெண்மணி எங்கள் தெருப் புங்க இலையை ஒட்டித் தன் தங்கைக்கு அட்டை செய்து, அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். நோரா அந்தப் படத்தை எங்கள் சர்ச் பங்கு முழுக்கக் காட்டினாள். சாமியாரைக்கூட விடவில்லை.

அதன்பின் உள்ளூர் வேலையும் வந்தது. குழந்தைகள் முதன்முதலில் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அட்டை, கல்யாண ஆல்பம், இறந்தவர்களின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை. இதிலெல்லாம் நோராவின் பெருமை ஒன்றுதான்: ஆளை வெட்டி எடுப்பது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தலைமுடியை இழை இழையாகப் பிரித்து ஆளை மட்டும் தனியே எடுப்பாள். பின்னால் தெரியும் கேஸ் சிலிண்டர், கொடியில் தொங்கும் பனியன், யாரோ ஒருவரின் பாதி முகம், எல்லாம் காணாமல் போகும். அங்கே பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்துவிடும். எங்கள் கல்யாணப் படத்தில் எனக்குப் பின்னால் நின்ற என் சித்தப்பாவையும் இப்படித்தான் எடுத்துவிட்டாள். அவர் திடகாத்திரமாக இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தால் நான் ஆல்பத்தை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நோரா எதையும் அழிப்பதில்லை. கம்ப்யூட்டரில் படத்தின்மேல் படமாக அடுக்கி, வேண்டாததை மறைத்துத்தான் வைப்பாள். மேலே பூந்தோட்டம் தெரியும். அடியில் கேஸ் சிலிண்டர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

போன வருஷம் தசரா முடிந்த பிறகு அனுஷா என்ற பெண் தன் அம்மாவோடு வந்தாள். வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, வீடு ஸ்ரீராம்புரத்தில். கூட வேலை செய்யும் ஒருத்தியின் குழந்தைக்கு நோரா செய்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, எங்கப்பா ஆட்டோ ஓட்டிட்டு இருந்தாரு. ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சு. வீட்டு போட்டோ எல்லாம் வெச்சு ஒரு ஆல்பம் பண்ணி தினமும் காட்டுங்கன்னு ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்றாங்க."

அம்மாவின் பெயர் வனஜா. கவர் ஒன்றில் போட்டோக்களை வைத்து மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். மகள் பேசி முடித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அவருக்கு எல்லாம் புரியுது மேடம். வாயத் தொறந்தா 'தா தா'ன்னுதான் வருது. ஆனா நான் யாருன்னு அவருக்குத் தெரியுதான்னே எனக்குத் தெரியல. ஒரே ஒரு தடவ என்னக் கூப்பிட்டுட்டா போதும். வேற எதுவும் வேணாம்."

நோராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். நான் எழுந்து போய் டம்ளரைக் கழுவினேன்.

அந்த ஆல்பத்துக்கு அவள் உயிரைக் கொடுத்தாள். முதல் பக்கத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது வனஜாக்காவின் இளவயதுப் படம் ஒன்று. ஆயுத பூஜை அன்று எடுத்தது. கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக ஓர் ஆட்டோ; இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியில் விபூதிப் பட்டை, சாமந்தி மாலை, கீழே உடைத்த பூசணிக்காய். பக்கத்தில் பச்சைப் புடவையில் வனஜாக்கா, ஒரு கையை ஆட்டோவின்மேல் ஊன்றி நிற்கிறார். நோரா அவரை மட்டும் வெட்டி எடுத்தாள். ஆட்டோ போனதும் அந்தக் கை அந்தரத்தில் தொங்கியது. அதற்கு ஊன்றிக்கொள்ள ஒரு வெள்ளை வேலியைப் போட்டுக் கொடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்தாள். அச்செடுத்த பக்கத்தைப் பார்த்து வனஜாக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார். "நான் ஊட்டிக்குப் போனதே இல்ல. போய்ட்டு வந்த மாதிரி ஆக்கிட்டீங்களே!"

அதோடு விஷயம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

கொஞ்ச நாள் கழித்து அனுஷாவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. அந்த முதல் பக்கம். ரோஜாக்களின்மேல் தாறுமாறாக நகக் கீறல்கள், தாள் அங்கங்கே பிய்ந்திருந்தது. கீழே எழுதியிருந்தாள்: அப்பா ஆல்பத்தைத் திறந்தாலே இதைத்தான் செய்கிறார், தன் முகத்தைத்தான் அப்பா பிய்த்தெறியப் பார்க்கிறார் என்று அம்மா நினைக்கிறாள், ஆல்பத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

நோராவின் முகம் சுண்டிப்போனது. முதலில் வந்தது கோபம். "எவ்ளோ நல்ல பேப்பர் தெரியுமா அது!" என்றாள். பிறகு தட்டில் போட்ட தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ரோஜா பிடிக்கலையோ என்னவோ, சாமந்தி வெச்சுப் பாரேன்" என்று வாயைக் கொடுத்தேன். அவள் பார்த்த பார்வையைக் கண்டவர்களுக்கு நான்தான் அந்த ஆல்பத்தைக் கீறியவன் என்று தோன்றியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "ஏங்க, வண்டிய எடுங்க" என்றாள். லேப்டாப்பை என் தோளில் மாட்டிவிட்டு, ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். ஸ்ரீராம்புரத்தில் அந்தச் சந்துக்குள் ஸ்கூட்டரே ஒருக்களித்துத்தான் நுழைந்தது.

ஒரே அறை வீடு. கட்டிலில் தலையணையைச் சாய்த்துவைத்து அனுஷாவின் அப்பா சிவசங்கரன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. ஆனால் கண்கள் சும்மா இல்லை. என்னையும் நோராவையும் தோள் பையையும் மாறி மாறி அளந்தன. சவாரி ஏற வந்தவர்களை அப்படித்தான் பார்த்திருப்பார். வனஜாக்கா எங்களுக்கு நாற்காலி போட்டாரே தவிர, அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, அந்த ஆல்பத்தக் கொஞ்சம் குடுங்க. அவரு எப்படிப் பண்றாருன்னு நான் பாக்கணும்" என்றாள் நோரா.

"எதுக்கும்மா? என் மூஞ்சியக் கண்டாலே ஆகலைங்கறதை நீங்க வேற பாக்கணுமா?"

அனுஷாதான் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் மடியில் வைத்ததுமே அவர் இடது கையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார். வனஜாக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நோரா மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த விரல் வேலியைச் சுரண்டியது, ரோஜாவைச் சுரண்டியது, வனஜாக்காவின் கைவிரல் வரை வந்து நின்றது. அந்தக் கையை அது தொடவே இல்லை. சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் ரோஜாவைத்தான் பிய்த்தது.

"அக்கா, இங்க வந்து பாருங்க. உங்கமேல ஒரு கீறல்கூட இல்ல" என்றாள் நோரா. அவள் குரலே மாறிவிட்டது. "ஐயோ, இவரு உங்களப் பிய்க்கல. நான் ஒளிச்சு வெச்சதத் தேடறாரு. ஏங்க, அந்த லேப்டாப்ப எடுங்க, சீக்கிரம்!"

எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் அவள் சொன்னால் கேள்வி கேட்கக் கூடாது என்பது தெரியும். எடுத்துக் கொடுத்தேன்.

கட்டிலில் அவர் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திரையிலும் அதே ரோஜாத் தோட்டம். அவர் விரல் அங்கேயும் சுரண்டப் போனது. நோரா ஒரு தட்டுத் தட்டினாள், ரோஜா மறைந்தது. வேலி மறைந்தது. வெறும் வெள்ளையில் வனஜாக்கா மட்டும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு தான் மறைத்ததையெல்லாம் நோரா துடைத்துத் துடைத்து வெளியே கொண்டுவந்தாள். முதலில் ஒரு சக்கரம் வந்தது. அப்புறம் வாழைக்கன்றின் ஓர் இலை. சாமந்தி மாலை, விபூதிப் பட்டை, மஞ்சள் கூரை. கடைசியில் ஆட்டோ முழுசாக வந்து வனஜாக்காவின் கைக்கு அடியில் நின்றது.

அண்ணன் உடம்பு முன்னால் சாய்ந்தது. அவருடைய இடது கை எதையோ பிடிப்பதுபோல் காற்றில் முறுக்கிக்கொண்டது. உதடு கோணிக்கோணி முயன்றது. 'தா' என்று வந்தது. அவரே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வனஜாக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ..." என்றார். மூச்சு வாங்கியது. "ஏறு."

இன்னொரு முறை, இப்போது கொஞ்சம் அதட்டலாகவே, "ஏறு" என்றார்.

அனுஷா ஓடிப்போய்க் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டாள். "அப்பா! சூப்பர்ப்பா! அம்மா பேரச் சொல்லுங்க, வ... ன... வனஜா..."

"நீ சும்மா இருடி" என்றார் வனஜாக்கா. அழுகையும் சிரிப்புமாக அவர் முகம் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துச் சொன்னார். "கார்மெண்ட்ஸ் வேலைக்குத் தெனமும் இவருதான் என்னக் கொண்டுபோய் விடுவாரு. சந்து மொனைல வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு இப்படித்தான் கத்துவாரு. வண்டிகிட்ட யாரு வந்தாலும் கன்னடத்துல 'எல்லி ஹோகபேக்கு'ன்னுதான் கேப்பாரு மேடம், எங்க போகணும்னு. எங்க போகணும்னு கேக்காம ஏறுன்னு சொன்னது இந்த ஊர்ல என் ஒருத்தியத்தான்."

நான் கூச்சமே இல்லாமல் அழுதேன். நோரா என் கைக்குட்டையைப் பிடுங்கித் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வனஜாக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். லேப்டாப்பை மெல்ல நகர்த்தி இடம் பண்ணினார். கட்டிலில் ஏறி, அவர் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்.

"ஏறிட்டேன்" என்றார். "போலாம்."