வக்கீல் வீட்டுக் காகிதப்பூ

என் நாத்தனாருக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. இதைச் சொன்னதும் உச்சுக் கொட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவளுக்கு அறவே பிடிக்காது. ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் அவள். எந்த டாக்டர் எந்த வார்டில் இருக்கிறார் என்பது அந்த டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெருவில் எல்லோருக்கும் டெலிபோன் அக்கா. கல்யாணமாகி வந்த புதிதில், பாவமே என்று தண்ணீர் டம்ளரை அவளிடம் திணிக்கப் போனேன். "வெச்சிடுங்க அண்ணி, எடுத்துக்கறேன்" என்றாள். அதோடு நான் அடங்கிவிட்டேன்.

வேலைக்குத் தனியாகத்தான் போவாள். நடைபாதையில் வீட்டுச் சுவர்களின் அடியைக் குச்சியால் தட்டிக்கொண்டே போனால் பஸ் ஸ்டாப் வந்துவிடும். மளமளவென்று நடப்பாள், கூடப் போனால் எனக்கு மூச்சு வாங்கும். அந்த நடைதான் அவளுடைய சொத்து. சம்பளம், மரியாதை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தெருமுனைக்கு முந்தைய வீடு வக்கீலுடையது. ஓய்வு பெற்றவர், பேச்செல்லாம் தேன். அவர் வைத்த காகிதப்பூச் செடி மதிலேறி வெளியே சரிந்து நடைபாதையை மூடிக்கொண்டது. தெருவே நின்று பூவைப் பார்த்தது. முள்ளை யார் பார்த்தார்கள்? மற்றவர்கள் குனிந்தோ ரோட்டில் இறங்கியோ போய்விடலாம். குச்சியோ தரையில் கிடப்பதைத்தான் சொல்லும். முகத்துக்கு நேரே தொங்குவதைச் சொல்லாது. ஒரு நாள் கன்னத்திலும் இமையிலும் ரத்தக் கோடுகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தாள்.

நேரே போய் வக்கீலிடம் சொன்னேன். பதறிப்போனார். நடிப்பு என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே பதறினார். மறுநாள் காலையில் கேட்டில் காத்து நின்று, அவள் கையைப் பிடித்து ரோட்டில் இறக்கி, செடியைத் தாண்டியதும் மறுபடி நடைபாதையில் ஏற்றிவிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. செடியில் ஓர் இலையைக்கூட வெட்டவில்லை. தெரு உருகிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சருக்கும் ஆசை வந்து, தன் செம்பருத்தியைத் தாராளமாக வெளியே வளரவிட்டு, வாசலில் நின்று கை கொடுக்க ஆரம்பித்தார். என் நாத்தனார் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பார்சல் மாதிரி போனாள்.

பொறுக்க முடியாமல் அவளே ஒரு நாள் வக்கீலிடம் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

"சார், எனக்கு உங்க கை வேண்டாம். செடிய மட்டும் வெட்டிடுங்க."

"எனக்கு இதுல என்னம்மா சிரமம்? நீ என் பொண்ணு மாதிரி" என்று சிரித்தார் அவர்.

மறுநாளும் கேட்டில் வந்து நின்றார்.

நகராட்சியில் புகார் கொடுத்தேன். நடைபாதைக்கு வரும் செடியை வீட்டுக்காரர்தான் வெட்ட வேண்டும், அதுதான் சட்டம் என்று சொல்லிக்கொண்டு மேற்பார்வையாளர் வந்தார். வந்த நேரம், வக்கீல் அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மனிதர் மேலா புகார் என்று என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். சட்டம் வந்த வழியே போய்விட்டது. கத்தரியோடு நானே கிளம்பினேன். என் கணவர் வாசலில் மறித்தார். தினமும் தன் தங்கையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறவரின் செடியை வெட்டினால் தெரு காறித் துப்பும் என்றார். அவளும் விட்டுவிடச் சொன்னாள். கத்தரியை வீசிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

சில மாதங்கள் இப்படியே ஓடின. ஒரு நாள் வக்கீல் வெளியூர் போயிருந்தார். முன்னாலேயே சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. டீச்சர் காய்ச்சலில் படுத்திருந்தார். செடிவரை போய் அவள் காத்திருந்திருக்கிறாள். பிறகு பழக்கத்தில் ரோட்டில் இறங்கியிருக்கிறாள். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திரும்புவது என்ற கணக்கெல்லாம் பிறர் கையோடு போய்விட்டிருந்தது. சுவர் கிடைக்கவில்லை. நடு ரோட்டில் நின்றுவிட்டாள். சுற்றிலும் ஹாரன் சத்தம். உரசுகிற மாதிரி வந்து நின்ற லாரியின் டிரைவர்தான் இறங்கி, வழி விசாரித்து, அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அடி ஒன்றும் இல்லை. அன்று மழையும் இல்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே அவள் உடுப்பு நனைந்திருந்தது. மாற்று உடுப்பை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்.

அதன்பின் அவள் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் அண்ணனைப் பேசச் சொல்லிவிடுகிறாள். வக்கீல் பழத்தோடு ஓடிவந்து, இனிமேல் வெளியூர்ப் பக்கமே போகமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்தார். செடியைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. அவள் சும்மா தலையாட்டினாள்.

நேற்று மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் அவள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அவள் பிறந்து வளர்ந்த வீடு இது. கரண்ட் போனால் எங்களையெல்லாம் இருட்டில் கூட்டிப்போகிறவள் அவள்தான். எழுந்தவள் நகரவில்லை. எட்டிப் பார்த்தேன், கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் வரீங்களா? பாத்ரூம் போகணும்."

நானும் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.