பங்க்கில் பற்றிய தீ

வளைகுடாவில் போர் மூண்டு எண்ணெய்க் கப்பல்கள் நின்றபோது, சாஜிதா பேகம் கோவை உக்கடத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் செத்தபிறகு சேர்ந்த வேலை. வந்த புதிதில் கையைப் பிடித்து இழுத்த குடிகாரனைச் செருப்பால் அடித்தவள் என்று பெயர்.

முதல் வாரம் வண்டி வரிசை குளக்கரை வரை நீண்டது. அடுத்த வாரம் டேங்கர் லாரியே வரவில்லை. மிஞ்சியிருந்த கொஞ்சம் டீசலை ஆம்புலன்சுக்கு மட்டும் ஊற்றச் சொல்லியிருந்தார் முதலாளி. நாட்டில் கையிருப்பு போதுமானது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எவனோ கடலை அடைச்சா நம்ம வண்டி நிக்கோணுமா? நம்ம நாட்டுல தோண்டுனா எண்ணெய் வராதாக்கும்?" என்று வரிசையில் ஒருவர் கத்தினார்.

பொள்ளாச்சியிலிருந்து பால் வண்டி ஓட்டி வந்த நஞ்சுண்டன் விடிகாலையிலிருந்து காத்திருந்தான்.

"அம்மணி, பாலு திரிஞ்சா என் பொழப்பே போச்சுங்க. கொஞ்சமாச்சும் ஊத்துங்க."

"ஆம்புலன்சுக்கு மட்டுந்தானுங்கண்ணா. எங்கையில ஒண்ணுமில்லீங்க."

அந்நேரம் ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. அவள் டீசல் ஊற்றியதைப் பார்த்ததும் கூட்டம் கொதித்தது.

"அப்ப இருக்குதல்லோ! ஒளிச்சு வெச்சு ஏமாத்தறாளுங்க!"

நஞ்சுண்டன் பைப்பைப் பிடுங்கினான். அவள் விடவில்லை. அவன் தன் வண்டியிலிருந்து இரும்பு ஸ்பேனரை எடுத்துவந்து அவள் முழங்கைக்குக் கீழே ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பக்கத்துப் பம்பில் நாலைந்து பேர் பெட்ரோல் பைப்புக்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவன் மண்டை உடைந்து ரத்தம் வழிந்தது. தொட்டியின் அடியில் மிச்சம் கிடந்த பெட்ரோல் அந்தப் பைப்பிலிருந்து பீய்ச்சி நஞ்சுண்டனின் சட்டையை நனைத்தது. யாரோ ஒருவன் பதறி பைக்கை உதைத்துக் கிளப்பினான். அதன் பொறியில் குப்பென்று தீ பற்றியது.

கூட்டம் சிதறி ஓடியது. நஞ்சுண்டன் எரிந்தபடியே தரையில் விழுந்து புரண்டான். சாஜிதா முதலில் பம்புகளை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். பிறகு ஒற்றைக் கையால் மணல் வாளிகளை இழுத்துவந்து ஒன்றன்பின் ஒன்றாக அவன்மேல் கொட்டினாள். தீ அணைந்தது. அணைந்ததும், அதே வாளியால் அவனை அடிக்கத் தொடங்கினாள். தோல் வழன்ற கைகளால் அவன் முகத்தை மறைத்துக்கொண்டான். மேலாளர் வந்து பிடித்து இழுக்கும்வரை அவள் நிறுத்தவில்லை.

இருவரையும் ஒரே ஆம்புலன்சில்தான் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, "இவந்தானுங்க அடிச்சது. நானும் அடிச்சேன், எழுதிக்குங்க" என்றாள்.

அவளுடைய முறிந்த கையில் கம்பி வைத்தார்கள். கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியபின் நஞ்சுண்டனின் மனைவி வீடு தேடி வந்து அழுதாள்.

"அவரு கைவெரலெல்லாம் ஒட்டிப்போச்சுங்கக்கா. கேசை வாபஸ் வாங்கிக்குங்க."

சாஜிதா டீ போட்டுக் கொடுத்தாள். நெடுநேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வழக்கை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.