ஏரியில் புதைத்த தாலிக்குண்டு

1991 கோடையில், வற்றிய பென்னலூர் ஏரியில் தங்கம் கிடைப்பதாகப் பேச்சு. நானும் என் மூத்த ஓரகத்தியும் மூன்று நாள் முறத்தில் மண்ணைக் கொழித்தோம். மின்னியதெல்லாம் காக்காப்பொன்தான்.

"பொன்னு வெச்சாதான்டி பொன்னு வரும். உன் தாலிக்குண்டுல ஒண்ண பொதச்சு வெய்யி" என்றாள் ஓரகத்தி. மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு, ஒன்றைக் கழற்றிப் புதைத்தேன்.

அன்றிரவே மழை. விடிந்து போனால் என் குழி எதுவென்றே தெரியவில்லை. அழுதுகொண்டே சேற்றை அள்ளினேன்.

"இன்னாடி, தங்கம் கெட்ச்சுதா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் என் வீட்டுக்காரர். முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டேன்.

"இன்னும் இல்லய்யா."

"இதுக்கா அழுவுற? நவுரு, நானும் பாக்கறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

பொழுது சாயும்வரை எனக்காகத் தேடினார். எதைத் தேடுகிறோம் என்று அவரிடம் கடைசிவரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.